விளையாட்டு மேம்பாடு படிக்கலாமா? கோலாலம்பூர் மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு), எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) முடிவுகள் வரும் மாதங்களில் என் கைப்பேசிக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "பையனுக்குப் பந்து என்றால் உயிர், அதையே படிக்க வைக்கலாமா?" என்று ஆரம்பித்து, "முடித்தால் யார் வேலை தருவார்?" என்பதில் வந்து நிற்கும். இதே துறையில் பட்டம் வாங்கி, தலைநகரில் சிறுவர் விளையாட்டுத் திட்டங்களை நடத்தும் வேலையில் இருக்கிறேன். அதனால் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். சில பதில்கள் சிலருக்குப் பிடிக்காது.

விளையாட்டு மேம்பாடு என்றால் என்ன படிப்பு? பயிற்றுநர் ஆவதா?

1998இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தபோது ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் வாங்கினார். அந்தப் பெயர் நம் வீடுகளில் இன்றும் ஞாபகம் இருக்கிறது. சரி, அந்தப் பாதையை அளந்தது யார்? தண்ணீர் மேசைகளை எந்த இடைவெளியில் வைப்பது என்று முடிவு செய்தது யார்? நடை விதியைப் பார்க்கும் நடுவர்களைப் பயிற்றுவித்தது யார்? அதற்கும் முன்னால், நடைப்போட்டி என்று ஒன்று இருப்பதையே பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டி, அவர்களைத் திடலுக்கு இழுத்து வந்தது யார்? இந்தப் படிப்பு அந்த வேலைகளைப் பற்றியது.

மூன்று விஷயங்கள் இதில் வரும். ஆடாதவர்களை ஆட வைப்பது ஒன்று. ஆடுகிறவர்களில் திறமை உள்ளவர்கள் மேலே போக வழி போடுவது இன்னொன்று. மூன்றாவது, விளையாட்டைச் சாக்காக வைத்து வேறொரு நல்லதைச் செய்வது. பினாங்குப் பெண் நிக்கோல் டேவிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு முறை உலக ஸ்குவாஷ் வாகை சூடியவர், 2019இல் ஓய்வு பெற்றார். பிறகு அவர் தொடங்கிய அமைப்பு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்குவாஷோடு ஆங்கிலமும் சொல்லித் தருகிறது. மூன்றாவது வகைக்கு நம் கண் முன்னாலேயே இருக்கும் உதாரணம் அது.

பயிற்றுநர் வேலை இதில் ஒரு பகுதி மட்டும்தான்.

விளையாட்டு அறிவியல், விளையாட்டு நிர்வாகம், உடற்கல்வி என்று பட்டியலில் என்னென்னவோ இருக்கிறதே?

ஆமாம். "விளையாட்டு மேம்பாடு" என்ற பெயரிலேயே பட்டம் தருவது பிரிட்டனில்தான் அதிகம். அங்கே உள்ளூர் மன்றங்களில் அந்தப் பெயரிலேயே அதிகாரிகளும் இருக்கிறார்கள். நம் நாட்டில் அதே பாடங்கள் வேறு பெயர்களுக்குள் பிரிந்து கிடக்கின்றன. உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்வது விளையாட்டு அறிவியல். சங்கம், போட்டி, அரங்கம், நிதி, விளம்பரதாரர் என்று போவது விளையாட்டு நிர்வாகம். பள்ளியில் போய் நிற்பதற்கு உடற்கல்வி. நான் சொல்லும் மேம்பாட்டு வேலைக்கு நிர்வாகப் படிப்புதான் கிட்ட வரும். ஆனால் அறிவியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்களும் நிறையப் பேர். பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான்கு ஆண்டுப் பாடப்பட்டியலை இறக்கி, கடைசி இரண்டு ஆண்டுப் பாடங்களைப் படித்துப் பாருங்கள். முதலாண்டுப் பாடங்கள் எங்கேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் எங்கே படிக்கலாம்?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்கும் உடற்பயிற்சி அறிவியலுக்கும் தனிப் புலம் இருக்கிறது. நிர்வாகம், அறிவியல் இரண்டிலும் அங்கே பட்டம் உண்டு. தலைநகரிலேயே இருந்து படிக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியர் பட்டமும், பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் கல்வியோடு சேர்ந்த விளையாட்டு, பொழுதுபோக்குப் படிப்பும் இருக்கின்றன. ஒரு மணி நேரம் வடக்கே போகத் தயார் என்றால் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம். அங்கே விளையாட்டு அறிவியலுக்கும் பயிற்றுவிப்புக்கும் என்றே ஒரு புலம். திடலில் நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தனியாரில், செத்தாப்பாக்கில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் நிர்வாக, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியல் படிப்பு இருக்கிறது. வேறு கல்லூரிகளின் விளம்பரம் பார்த்தால், பணம் கட்டுவதற்கு முன் மலேசியத் தகுதி அங்கீகார நிறுவனத்தின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடுங்கள். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனும் கிடைக்காது, அரசு வேலைக்கும் உதவாது.

ஷா ஆலாமில் யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகம் இருக்கிறதே, அங்கே விண்ணப்பிக்கலாமா?

விளையாட்டுக்கு நல்ல பெயர் எடுத்த இடம்தான். ஆனால் அதன் இளங்கலைச் சேர்க்கை பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவர்களுக்கானது. நம் பிள்ளைகள் வேறு வழிகளைப் பார்ப்பதுதான் சரி.

நாங்கள் பினாங்கில் இருக்கிறோம். வீட்டுக்குப் பக்கத்தில் எதுவும் இல்லையா?

யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பினாங்கில்தானே என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதன் உடற்பயிற்சி, விளையாட்டு அறிவியல் படிப்பு இருப்பதோ கிளந்தானில், குபாங் கெரியான் சுகாதார வளாகத்தில். விண்ணப்பத்தில் பெயரை மட்டும் பார்த்துத் தட்டிவிட்டு, பிறகு "அம்மா, கிளந்தானாம்" என்று முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். படிப்பு மோசமில்லை. மருத்துவமனையோடு சேர்ந்த வளாகம், ஆய்வுப் பக்கம் போகிறவர்களுக்கு நல்லது. தூரம் தெரிந்து போங்கள். ஆசிரியராக விரும்பினால் பினாங்கில் ஆசிரியர் பயிற்சிக் கழக வளாகங்கள் இருக்கின்றன. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

எஸ்.பி.எம். முடித்துவிட்டேன். எந்த வழியில் போவது?

ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், அடிப்படைக் கல்வி, டிப்ளோமா. இதில் ஆறாம் படிவத்தை நம்மவர்கள் ஏனோ கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். செலவு குறைவு, மூன்று பருவத் தேர்வு, ஒரு பருவம் சறுக்கினால் திரும்ப எழுதிச் சரிசெய்யவும் முடியும். எஸ்.டி.பி.எம்.மில் விளையாட்டு அறிவியல் என்றே ஒரு பாடம் உண்டு. எல்லாப் பள்ளியிலும் சொல்லித்தர மாட்டார்கள், அதனால் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்.பி.எம்.மிலும் அது விருப்பப் பாடமாக இருக்கிறது.

யூ.பி.யூ. என்ற பொது விண்ணப்ப முறை வழியாக அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது மெரிட் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாடம். குறைந்தபட்சத் தகுதி தரப்புள்ளிச் சராசரி 2.00 என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு "நமக்கு இது போதும்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அது விண்ணப்பம் போடுவதற்கான கோடு மட்டும்தான். இடம் யாருக்கு என்பது அந்த ஆண்டு வரிசையில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மலாய் மொழியில் கிரெடிட், முயெட் என்னும் ஆங்கிலத் தேர்வு இரண்டையும் கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். விளையாட்டுப் படிப்புதானே, ஆங்கிலம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: படிக்க வேண்டிய புத்தகங்களும் ஆய்வுக் கட்டுரைகளும் முக்கால்வாசி ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

மாநில, தேசிய அளவில் ஆடிய விளையாட்டாளர்களுக்கு யூ.பி.யூ.வில் தனிப் பிரிவு உண்டு. சான்றிதழ்கள் கையில் இருந்தால் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

என் மகன் பள்ளி அணிக்கே மாற்று ஆட்டக்காரன்தான். அவன் இதற்கு லாயக்கா?

லாயக்குத்தான். சொல்லப்போனால் எனக்கு இந்த மாதிரிப் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். நட்சத்திர ஆட்டக்காரனுக்கு யாரோ காலணி வாங்கித் தந்திருப்பார்கள், யாரோ வேனில் ஏற்றிப் போயிருப்பார்கள். அதெல்லாம் தானாக நடக்கிறது என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருப்பான். ஓரத்தில் உட்கார்ந்தவனுக்கு எல்லாம் தெரியும். பந்துப் பையை யார் தூக்குவது, ஆட்டப் பட்டியலை யார் எழுதுவது, கோபித்துக்கொண்டு போனவனை யார் சமாதானம் செய்து கூட்டி வருவது என்று பார்த்துக்கொண்டே வளர்ந்திருப்பான். பிள்ளை பள்ளி விளையாட்டு விழாவில் என்ன செய்தான் என்று கேளுங்கள். ஓடி ஜெயித்தானா என்பதை விட, கோடு போட்டானா, நேரம் குறித்தானா, சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தானா என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல்.

ஆனால் ஓரளவு உடல் தகுதி வேண்டும். சில படிப்புகளுக்கு நேர்முகத்தோடு உடற்தகுதிச் சோதனையும் உண்டு. 20 மீட்டர் தூரத்தில் 'பீப்' சத்தத்துக்கு ஏற்பப் போய்த் திரும்பி ஓடும் சோதனையை இப்போதே வீட்டுப் பக்கத்துத் திடலில் பழகலாம்.

நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்?

"ஏன் இந்தப் படிப்பு?" என்று கட்டாயம் கேட்பார்கள். "எனக்கு விளையாட்டு பிடிக்கும்" என்பது பதில் ஆகாது, வெளியே உட்கார்ந்திருக்கும் எல்லாரும் அதைத்தான் சொல்லப் போகிறார்கள். உங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), உங்கள் பள்ளியில் கண்ணால் பார்த்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள். திடல் இருக்கிறது, ஆனால் சாயங்காலம் பூட்டிக் கிடக்கிறது. பெண்கள் அணி இருந்தது, இரண்டு ஆண்டில் கலைந்துவிட்டது. இப்படி ஒன்றைச் சொல்லி, ஏன் அப்படி ஆனது என்று நீங்கள் நினைப்பதையும் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஒரே ஒருவர் ஆர்சனலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் அறை முழுக்க அதே பேச்சாகிவிடும், அதில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வகுப்பில் என்ன பாடம் நடத்துவார்கள்? அறிவியல் எனக்கு வராது.

உடற்கூறு, உடலியக்கம், உளவியல் மூன்றும் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் கொஞ்சமாவது வரும். புள்ளியியலும் வரும், அதற்குத் தப்பிக்க வழியில்லை. நிர்வாகப் பக்கம் போனால் சட்டம், கணக்கு, நிகழ்ச்சி ஏற்பாடு, அரங்கப் பராமரிப்பு.

சட்டம் என்றதும் பயப்பட வேண்டாம். இந்த நாட்டில் விளையாட்டுச் சங்கம் நடத்துவதற்கு 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சங்கங்கள் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நம் சமூகத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ குழுக்கள் கூட்டக் குறிப்பு எழுதாமல், கணக்கு அனுப்பாமல், இரண்டு தலைவர்கள் சண்டை போட்டுக்கொண்டு முடங்கியிருக்கின்றன. ஆட்டத்தில் குறையே இருக்காது. கோப்பில்தான் எல்லாக் குறையும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒழுங்காக நடத்தத் தெரிந்த ஒரு பட்டதாரி அந்த இடத்தில் பத்துப் பயிற்றுநர்களுக்குச் சமம் என்பது என் கட்சி.

மகளை அனுப்பத் தயக்கமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் அப்பாக்கள்தான் கேட்கிறார்கள், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. படிப்பைப் பொறுத்தவரை எந்தப் பிரச்சினையும் இல்லை. வகுப்பில் பெண்கள் நிறையவே இருப்பார்கள். விடுதி உண்டு. விளையாட்டில் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் பாதுகாப்பு பற்றி இப்போது இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சு தனி நெறிமுறையே வைத்திருக்கிறது. அதைப் படித்துத் தெரிந்துகொள்வதும் வேலையின் ஒரு பகுதி.

ஆனால் நான் அப்பாக்களிடம் சொல்வது வேறு. இந்தத் துறைக்குப் பெண்கள் வராவிட்டால் நம் பெண் பிள்ளைகளின் விளையாட்டு பதின்மூன்று வயதில் நின்றுவிடும். செந்தூல் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சிறுமிகளுக்குப் புட்சால் நடத்தினோம். ஆரம்பத்தில் நல்ல கூட்டம். போகப் போகப் பெரிய பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஆர்வம் போய்விட்டது என்றுதான் குழுவில் ஆண்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம். எங்களோடு வேலை செய்த தங்கச்சி ஒருத்தி வீடு வீடாக ஏறி விசாரித்துவிட்டு வந்தாள். பயிற்சி இரவு எட்டு மணிக்கு. திடலின் ஒரு பக்கம்தான் விளக்கு எரிகிறது. கழிவறைக்குப் பூட்டு, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. வேலி ஓரத்தில் பையன்கள் நின்று கருத்துச் சொல்கிறார்கள். அம்மாக்கள் வேண்டாம் என்று சொன்னதில் என்ன தப்பு? பயிற்சியைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினோம், நிர்வாகக் குழுவிடம் சாவி வாங்கினோம், அம்மாக்கள் உட்கார நாற்காலி போட்டோம். பெண்கள் திரும்பி வந்தார்கள். பந்தாட்ட நுணுக்கம் எதுவும் மாறவில்லை. அந்தத் தங்கச்சி இந்தப் படிப்பைப் படித்தவள்தான்.

பேட்மிண்டனில் தீனா முரளிதரனையும் கிசோனாவையும் கைதட்டிப் பார்க்கிற வீடுகளில்தான் "பெண் பிள்ளைக்கு எதற்கு" என்ற பேச்சும் வருகிறது.

செலவு எவ்வளவு ஆகும்?

அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. கோலாலம்பூரில் கட்டணத்தை விடத் தங்குமிடமும் சாப்பாடும்தான் கையைக் கடிக்கும். முதலாண்டில் விடுதி கிடைப்பது எளிது, அடுத்தடுத்த ஆண்டுகளில் இடத்தைத் தக்கவைக்க விடுதி நடவடிக்கைகளில் கலந்துகொண்டிருக்க வேண்டும். விளையாட்டு மாணவர்களுக்கு அது கஷ்டமில்லை. பி.டி.பி.டி.என். கடனுக்கு முன்பே எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும். நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. எம்.ஐ.இ.டி. என்ற அமைப்பு இந்திய மாணவர்களுக்குக் கல்விக் கடன் தருகிறது, அதையும் விசாரியுங்கள். தனியாரில் சேருவதாக இருந்தால் மொத்தப் படிப்புக்கும் ஆகும் தொகையை எழுத்தில் கேளுங்கள். ஒரு பருவக் கட்டணத்தை மட்டும் சொல்லி அனுப்புவார்கள்.

கூடுதலாக ஒரு செலவு யாரும் சொல்ல மாட்டார்கள். காலணி, நீச்சல் உடை, முகாம் சாமான், செய்முறைக்குப் போகிற பயணம். சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருக்கும்.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் பட்டத்தைப் பார்த்து யாரும் வீடு தேடி வர மாட்டார்கள்.

அரசுத் துறையில் இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சு, புக்கிட் ஜாலிலில் இருக்கும் தேசிய விளையாட்டு மன்றம், தேசிய விளையாட்டுக் கழகம், மாநில விளையாட்டு மன்றங்கள். ஊராட்சி மன்றங்களிலும் மாநகராட்சி மன்றத்திலும் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் ஆள் வேண்டும். அமைச்சில் நிரந்தரப் பதவிக்குப் பொதுச்சேவை ஆணையத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், இழுத்தடிக்கும். ஒப்பந்த வேலைகள்தான் முதலில் வரும். அதைக் குறைவாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அடுத்த விளம்பரம் முதலில் தெரியும்.

தேசிய சங்கங்கள், மனவளர்ச்சி குன்றியோர், உடற்குறையுள்ளோருக்கான விளையாட்டு அமைப்புகள், தனியார் அகாடமிகள், நெடுந்தூர ஓட்டம் நடத்தும் நிறுவனங்கள் என்று இன்னொரு பக்கம். 2027 சீ விளையாட்டுப் போட்டியை மலேசியா நடத்துகிறது. அந்த மாதிரிப் போட்டிகளுக்கு முன்னும் பின்னும் ஆள் தேவை கூடும், முடிந்ததும் குறையும். முழுக்க அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

கால்பந்து கிளப் வேலை என்றால் பலருக்குக் கண் மின்னும். கவனம். மலேசிய இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் வேரிலிருந்து வந்த மிஸ்க்-மிஃபா அணிதான் பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி ஆனது. உள்ளூர் ஆட்டக்காரர்களையே நம்பி சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. கிளப் மூடினால் ஆட்டக்காரனுக்கு வேறு அணி கிடைக்கலாம். அலுவலகத்தில் இருந்தவன் பாடு கஷ்டம்.

உடற்பயிற்சிக் கூட வேலை சீக்கிரம் கிடைக்கும். அடிப்படைச் சம்பளத்தோடு தரகு என்பதுதான் அங்கே வழக்கம். விற்கத் தெரிந்தவர்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். திடலில் நம்மவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். தேசியக் கால்பந்து அணிக்கு ஆறுமுகம் கோல் கம்பத்தில் நின்றார், கே. ராஜகோபால் பயிற்றுநராக 2010இல் ஆசியான் கால்பந்துக் கிண்ணத்தையே கொண்டு வந்தார். ஆனால் நிதி எந்த விளையாட்டுக்கு, எந்த மாவட்டத்துக்கு, எந்தப் பள்ளிக்கு என்று முடிவாகிற மேசைகளில் நம் ஆட்கள் குறைவு. அந்த மேசைக்குப் போகிற வழிகளில் இந்தப் பட்டமும் ஒன்று.

படித்தால் பிசியோ ஆகலாமா?

முடியாது. அது தனிப் பட்டம், தனிப் பதிவு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர் மட்டுமே அந்தப் பெயரில் வேலை செய்யலாம்.

பட்டம் இருந்தால் பயிற்றுநர் உரிமம் தனியாக எடுக்க வேண்டுமா?

எடுங்கள். தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தில் விளையாட்டு அறிவியல், குறிப்பிட்ட விளையாட்டு, செய்முறை என்று மூன்று பகுதிகள். படிநிலைகளும் உண்டு. பட்டப்படிப்பில் படித்தது அறிவியல் பகுதிக்கு உதவும், ஆனால் பந்தையோ மட்டையையோ கையாளச் சொல்லித்தரும் பகுதியை அந்தந்தச் சங்கம்தான் நடத்தும். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் முதல் நிலையை முடித்துவிடுங்கள். முதலுதவிச் சான்றிதழையும் சேர்த்து எடுங்கள்.

கபடி, சிலம்பம் பக்கம் ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாக. ஆய்வுக் கட்டுரைக்கு எல்லாரும் கால்பந்தையும் பேட்மிண்டனையும் எடுத்துக்கொண்டு நிற்கும்போது, சிலம்பக் கூடங்களில் பிள்ளைகள் எந்த வயதில் சேருகிறார்கள், எந்த வயதில் நின்றுபோகிறார்கள், ஆசான்களுக்குச் சான்றிதழ் முறை எப்படி இருக்கிறது என்று ஒருவர் எழுதினால் அது உண்மையிலேயே புதுசு. தமிழ் தெரிந்தால்தான் ஆசான்களிடம் உட்கார்ந்து பேச முடியும். அந்த வசதி வகுப்பில் வேறு யாருக்கும் இருக்காது.

ஆடிக்கொண்டே படிக்க முடியுமா?

எம். ஜெகதீசன் மருத்துவம் படித்தவர். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம். 1968 மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார், அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. ஸ்குவாஷ் ஆடும் எஸ். சிவசங்கரி அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 400 மீட்டர் ஓடும் ஷெரீன் சாம்சன் வல்லபாயும் அமெரிக்காவில் படித்துக்கொண்டே ஓடினார். ஆக, முடியும். ஆனால் சுக்மா (மாநிலங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி) முகாமும் தேர்வும் ஒரே வாரத்தில் விழும்போது யாரிடம் கடிதம் கொடுப்பது என்று முதல் வாரமே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விரிவுரையாளரிடம் முன்னாடியே சொன்னால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். பிறகு போய் நின்றால் சட்டம் பேசுவார்கள்.

அமெரிக்காவில் விளையாட்டு உதவித்தொகை கிடைக்கும் என்கிறார்களே?

எல்லா இடத்திலும் இல்லை. கோர்னெல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை, குடும்ப வருமானம் பார்த்து உதவி செய்யும். மற்ற இடங்களில் முழுதாகவும் கிடைக்கலாம், பாதியாகவும் கிடைக்கலாம். தரகருக்குப் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பல்கலைக்கழகப் பயிற்றுநருக்குப் பிள்ளையே நேரடியாக மின்னஞ்சல் எழுதட்டும், ஆட்டக் காணொளியோடு. பதில் போடும் பழக்கம் அவர்களுக்கு உண்டு.

தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அப்படியென்றால் நேராக ஆசிரியர் பயிற்சிக் கழகத்தைப் பாருங்கள். எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கான இளங்கலை ஆசிரியர் திட்டம் அது. எந்தெந்தப் பாடத்துக்குத் தமிழ்ப்பள்ளிப் பிரிவில் இடம் திறக்கிறார்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுத்திருப்பது இங்கே கை கொடுக்கும். சாதாரண விளையாட்டு அறிவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு அப்படியே பள்ளிக்குள் நுழைய முடியாது, கல்வித் தகுதியும் வேண்டும்.

தமிழ்ப்பள்ளிகளில் பல, நூற்றைம்பதுக்கும் குறைவான பிள்ளைகளைக் கொண்டவை. ஒரு கால்பந்து அணிக்கே ஆள் தேற்றுவது பாடு. 2011இல் 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்ற கொள்கை வந்தது. சின்னப் பள்ளியில் அதை எப்படி நடத்துவது என்று யோசிப்பவர்கள்தான் அங்கே தேவை.

படிக்கும் காலத்தில் என்ன செய்தால் பின்னால் உதவும்?

ஒரு போட்டியை முதலிலிருந்து கடைசி வரை நடத்திப் பாருங்கள். தாமான் அளவில் போதும். திடல் முன்பதிவு, நடுவர்களுக்கான படி, முதலுதவிக் குழு, தண்ணீர், பெற்றோர் சம்மதக் கடிதம், காப்புறுதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் இருக்கும். பிறகு வானம். கோலாலம்பூரில் மூன்று, நான்கு மணிக்கு மேல் இடி இடிக்காத வாரம் ஏது? மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையில் முப்பது விநாடிக்குள் இருந்தால் ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் உள்ளே அனுப்ப வேண்டும், கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் போன பிறகுதான் திரும்ப ஆரம்பிக்கலாம். அரையிறுதியில் இரண்டு ஆட்டம் பாக்கி, பெற்றோர்கள் "தூறல்தானே, ஆட விடுங்கள்" என்று சத்தம் போடுவார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்து இல்லை என்று சொல்வதற்கு எந்தப் பாடத்திலும் மதிப்பெண் கிடையாது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகளில் வெளி நடவடிக்கை நிற்கும், அதையும் அட்டவணையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்பயிற்சிக்குப் பெரிய பெயரைத் தேடி அலையாதீர்கள். பெரிய அலுவலகத்தில் மூன்று மாதம் நகல் எடுத்துவிட்டு வருவதை விட, ஆள் பற்றாத சின்னச் சங்கத்தில் உட்கார்ந்தால் விண்ணப்பம் எழுதுவது முதல் கணக்கு முடிப்பது வரை எல்லாம் உங்கள் தலையில் விழும்.

இப்போது ஐந்தாம் படிவம். இந்த விடுமுறையில் என்ன செய்யலாம்?

செந்தூல் தீமூரில் எல்.ஆர்.டி. ஏறினால் வண்டி மாறாமல் புக்கிட் ஜாலிலில் போய் இறங்கலாம். ஏதாவது ஒரு தேசிய அளவுப் போட்டி நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். ஆட்டத்தைப் பார்க்காமல் ஓரத்தைப் பாருங்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் யார், என்ன வேலை செய்கிறார்கள் என்று கவனியுங்கள். சும்மா நிற்பவர் ஒருவரிடம் போய் "அண்ணே, நீங்கள் என்ன படித்தீர்கள்?" என்று கேளுங்கள். தமிழ் தெரியாதவராக இருந்தால் மலாயில் கேளுங்கள். அப்புறம் அக்டோபரில் இரண்டாம் சனிக்கிழமை தேசிய விளையாட்டு நாள். ஊர் ஊராக நிகழ்ச்சி நடக்கும், தொண்டூழியர்களைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். பெயரைக் கொடுத்து, முடிந்ததும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வாங்கிக் கோப்பில் வையுங்கள். நேர்முகத்தில் அந்தக் கடிதத்தை நீட்டலாம்.